வாசகர் கேள்வி – பதில்: விரும்பிப் படிக்கும் பழைய ஆங்கில நாவல்கள்

சென்ற இதழில், 'உங்களுக்கு மிகவும் பிடித்த பழைய ஆங்கில நாவல் எது, ஏன்?' என்று இப்பகுதியில் கேட்டிருந்தோம். விடைகளைக் காட்டிலும் எதிர்க்கேள்விகளே மிகுதியாக வந்தன. அவற்றுள் தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பிறர் கேட்காத கேள்விகள் பல இருந்ததால், இவ்விதழை அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமநாதபுரம்

கேள்வி: ஐயா, 'மிகவும் விரும்பப்படும் நூறு ஆங்கில நாவல்கள்' என்று அவ்வப்போது ஒரு பட்டியல் வெளியாகிறது. ஒன்றில் முதலிடம் பெற்ற நூல் மற்றொன்றில் எங்கோ பின்தங்கிக் கிடக்கிறது. இவற்றை யார் முடிவு செய்கிறார்கள்? எதை நம்புவது?

பதில்: யாரிடம் கேட்டார்கள் என்பதைப் பாருங்கள், பட்டியலின் குணம் அதிலேயே தெரிந்துவிடும். 2003ஆம் ஆண்டில் பிபிசி 'தி பிக் ரீட்' என்ற பெயரில் பிரிட்டன் மக்களிடம் வாக்கெடுத்தபோது, டோல்கினின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதலிடத்தையும் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' இரண்டாமிடத்தையும் பெற்றன. 2018இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் தன் நாட்டு மக்களிடம் அவ்வாறே கேட்டபோது, ஹார்பர் லீ 1960இல் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' முதலில் வந்தது. இடையில் 2015இல் பிபிசியே பிரிட்டனுக்கு வெளியேயுள்ள விமர்சகர்களை மட்டும் கேட்டது. அவர்கள் பிரிட்டனின் தலைசிறந்த நாவலென்று ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நூலைக் காட்டினார்கள். இவற்றையெல்லாம்விட வேடிக்கையானது 1998இல் நடந்தது. மாடர்ன் லைப்ரரி என்ற அமெரிக்கப் பதிப்பகம், இருபதாம் நூற்றாண்டின் சிறந்த நூறு ஆங்கில நாவல்களைத் தேர்ந்தெடுக்கும்படி அறிஞர் குழுவொன்றைக் கேட்க, அவர்கள் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸீஸ்' நாவலை முதலில் வைத்தார்கள். வாசகர்களும் வாக்களிக்கலாம் என்று அதே பதிப்பகம் அறிவித்ததும், அய்ன் ராண்டின் 'அட்லஸ் ஷ்ரக்டு' முதலிடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

மதிப்பது வேறு, விரும்புவது வேறு என்பதைத் தவிர இதில் மர்மம் ஒன்றுமில்லை. 'யுலிஸீஸ்' நாவலை மதிக்கிறவர்களுள் அதை முழுதும் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பது நாகரிகமாகாது. முடிவு தெரிந்த பின்னும் மறுபடி எடுத்துப் படிக்கத் தோன்றுவதும், பிறர் குறை சொன்னால் நம் வீட்டாரைச் சொன்னதுபோலச் சினம் வருவதுமான நாவலையே விரும்பப்படும் நாவல் என்று நான் கொள்வேன். நான்கு பேர் கூடிப் பேசுவதற்கு நூல் தேடும்போது இன்னுமொன்று வேண்டும்: அந்த நால்வரும் இரு பக்கமாகப் பிரிந்து நிற்க நாவல் இடந்தர வேண்டும். கீழே வரும் பதில்களில் நான் நூல்களைச் சொல்வதும் தள்ளுவதும் இந்த அளவுகோலைக் கொண்டுதான்.

பள்ளி மாணவர், இராமேசுவரம்

கேள்வி: எங்கள் ஊரில் பிறந்த அப்துல் கலாம் ஆங்கில நாவல்கள் படித்ததுண்டா?

பதில்: உண்டு, தம்பி. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது ஆங்கில இலக்கியத்தில் நாட்டம் ஏற்பட்டதாகவும், டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோர் தமக்குத் தனி விருப்பமானவர்களாக இருந்ததாகவும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பு, இராமேசுவரத்தில் சிறுவனாக இருந்த நாளில், எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவருடைய வீட்டு நூலகத்திலிருந்து புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்ததையும் அந்நூலில் நன்றியோடு குறிப்பிடுகிறார். இம்மூவரில் டால்ஸ்டாய் ரஷ்யர். அவரை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்க வேண்டும். 1814இல் 'வேவர்லி' நாவலைப் பெயர் போடாமல் வெளியிட்ட வால்டர் ஸ்காட், தம் காலத்தில் ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டவர். இன்று அவரைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு. ஆகவே விருப்பம் என்பதும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நீ ஹார்டியிலிருந்து தொடங்கு. 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' (1886) நாவலின் முதல் அத்தியாயத்தில், குடிவெறியில் இருக்கும் ஒருவன் சந்தையில் தன் மனைவியை ஐந்து கினிக்கு ஒரு மாலுமியிடம் விற்றுவிடுகிறான். அதற்குப் பிறகு புத்தகத்தை மூடி வைப்பது எளிதன்று.

மகளிர் வாசிப்பு வட்டத்தினர், தங்கச்சிமடம்

கேள்வி: எங்கள் வீட்டு ஆண்கள் விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் மாலைப்பொழுது ஓரளவு எங்கள் கையில் இருக்கும் என்பதால், அப்போது ஓர் ஆங்கில நாவலைச் சேர்ந்து படிக்க விரும்புகிறோம். எங்களில் பட்டம் பெற்றவர்களும் உண்டு. பத்தாம் வகுப்போடு நின்றவர்களும் உண்டு. முதல் நாவலாக எதை எடுக்கலாம்?

பதில்: தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் அத்தியாயங்களும் 61. இது தற்செயலே என்றாலும், விட்டுவிடக் கூடாத தற்செயல். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு, ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவர் முதலில் வாய்விட்டுப் படித்து, பிறகு தமிழில் சொல்லிவந்தால், படகுகள் கடலுக்குப் புறப்படும் நாளில் நாவலும் முடிந்துவிடும். பெரும்பாலான அத்தியாயங்கள் சிறியவை. நடன விருந்து நடக்கும் 18ஆம் அத்தியாயமும் கதை நாயகன் டார்சியின் கடிதம் வரும் 35ஆம் அத்தியாயமும் நீண்டவை. அவ்விரு நாளும் சற்று முன்னதாகவே கூடிக்கொள்ளுங்கள்.

தற்செயலை ஒதுக்கிவிட்டாலும் நான் இந்நாவலைத்தான் சொல்லியிருப்பேன். 1813 ஜனவரியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்த இந்நூலின் உரிமையை ஆஸ்டின் 110 பவுண்டுக்குப் பதிப்பாளரிடம் விற்றுவிட்டார். அதன்பின் அது எத்தனை விற்றாலும் அவருக்கு மேற்கொண்டு வருவாய் இல்லை. பணத்தின் அருமை தெரிந்தவர் எழுதிய நாவல் என்பது பக்கத்துக்குப் பக்கம் புலப்படும். ஒவ்வொருவருக்கும் ஆண்டு வருமானம் எவ்வளவு என்பது கதையில் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. டார்சிக்குப் பத்தாயிரம் பவுண்டு. ஐந்து பெண்களைப் பெற்ற பென்னட்டுக்கு இரண்டாயிரம். அந்த இரண்டாயிரம் வரும் நிலமும் ஆண் வாரிசுக்கே சேரும் என்று கட்டப்பட்டிருப்பதால், தந்தை கண்ணை மூடினால் அது தூரத்து உறவினரான காலின்ஸுக்குப் போய்விடும். பெண்களுக்குத் தலைக்கு ஆயிரம் பவுண்டு, அதுவும் தாயின் காலத்துக்குப் பிறகுதான். இதைக் காதல் கதை என்று விற்கிறார்கள். சொத்தில்லாத ஐந்து பெண்களை எப்படிக் கரைசேர்ப்பது என்ற கதையாகவே நம் ஊரில் அது முதலில் புரியும், அப்படிப் புரிந்துகொள்வதே சரி என்பது என் எண்ணம்.

உங்கள் வட்டம் இரண்டாகப் பிரியப்போவது 22ஆம் அத்தியாயத்தில், அதாவது மே 6ஆம் நாள் மாலையில். பென்னட்டின் மகளும் கதை நாயகியுமான எலிசபெத் வேண்டாமென்று தள்ளிய காலின்ஸை, அவளுடைய தோழி சார்லட் மணக்கச் சம்மதிக்கிறாள். அவளுக்கு வயது 27, அழகில்லை, சொத்தில்லை, அவன் மூடன் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். தனக்கென ஒரு வீடு வேண்டும் என்பதற்காக, தெரிந்தே செய்துகொள்கிறாள். அவள் செய்தது சரியா? எலிசபெத் அவளைக் குறைவாக எண்ணியது சரியா? இதற்கு ஆஸ்டின் தீர்ப்புச் சொல்லவில்லை. இன்னொன்றையும் பேசிப் பாருங்கள். படிப்பவர்கள் எல்லாரும் பென்னட்டின் கிண்டலை ரசித்துவிட்டு, கல்யாணமே பேச்சாக இருக்கும் அவர் மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் நாளையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அந்த மனைவி ஒருவர்தான். வருமானம் முழுவதையும் செலவழிக்காமல் ஆண்டுதோறும் ஏதேனும் எடுத்து வைத்திருக்கலாமே என்று பென்னட் நொந்துகொள்வது 50ஆம் அத்தியாயத்தில், எல்லாம் கைமீறிய பிறகு.

நாட்டுப்படகுத் தொழிலாளி, பாம்பன்

கேள்வி: என் மகன் கொண்டுவந்த 'மோபி டிக்' நாவலை அவன் துணையோடு தட்டுத்தடுமாறிப் படித்துவருகிறேன். சில இடங்கள் கடலுக்குப் போய்வந்தவன் எழுதியதாகவே இருக்கின்றன. சில இடங்கள் பள்ளிக்கூடப் பாடம்போல இருக்கின்றன. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? கடல் நாவல் என்றால் 'தி ஓல்ட் மேன் அண்ட் த சீ' மேலானது என்று மகன் சொல்கிறான். தங்கள் கருத்து என்ன?

பதில்: ஐயா, தாங்கள் கண்ட இரண்டும் உண்மை. ஹெர்மன் மெல்வில் 1841 ஜனவரியில் 'அக்குஷ்னெட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் கூலியாளாக ஏறியவர். கடலுக்குப் போனவன் எழுதிய பகுதிகள் அங்கே கற்றவை. 1820இல் 'எசெக்ஸ்' என்ற கப்பலைத் திமிங்கிலம் ஒன்று மோதி மூழ்கடித்த வரலாற்றையும் அவர் படித்திருந்தார். பாடம் போன்ற பகுதிகள் நூலகத்திலிருந்து எடுத்தவை. 32ஆம் அத்தியாயத்தில் அவர் திமிங்கிலங்களை இனம் இனமாகப் பிரித்து அடுக்குவதோடு, திமிங்கிலம் மீன்தான் என்று அடித்தும் சொல்வார்; குட்டி ஈன்று பால் கொடுக்கும் உயிரை மீன் என்கிறாரே என்று தாங்கள் சிரித்தால் தவறில்லை. அவ்வகை அத்தியாயங்களை முதல் வாசிப்பில் கடந்துசெல்லுங்கள், நூல் கெட்டுவிடாது. ஆனால் கயிற்றைப் பற்றிய 60ஆம் அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈட்டி பாய்ந்த திமிங்கிலம் ஓடும்போது தொட்டியில் சுருட்டி வைத்த கயிறு படகில் எப்படிப் பறக்கிறது, அதன் சுருள்களுக்கிடையே ஆட்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை எழுதியிருக்கிறார். ஓடும் வலைக்கயிற்றில் கால் மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவருக்கு அந்த அத்தியாயத்தில் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

கல்லூரிப் பேராசிரியர்கள் விரைந்து கடந்துவிடும் 16ஆம் அத்தியாயம், தங்கள் கண்ணில் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அக்கப்பலில் யாருக்கும் சம்பளம் இல்லை, பங்குதான். செலவு போக நிற்கும் தொகையில் இத்தனையில் ஒரு பங்கு என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொள்வார்கள். கதை சொல்லும் இஸ்மவேலுக்கு 777இல் ஒரு பங்கு போதும் என்கிறார் பில்டாட் என்ற பங்குதாரர். மற்றவர் பீலெக் சண்டையிட்டு 300இல் ஒன்றாக எழுதுகிறார். பிறகு 18ஆம் அத்தியாயத்தில் குவீக்வெக் வருகிறான். தண்ணீரில் மிதக்கும் சிறு தார்த்துளியைக் குறிவைத்து ஈட்டியை எறிந்து காட்டுகிறான். அவனுக்கு உடனே 90இல் ஒன்று. டீசலையும் ஐஸையும் கழித்து, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கும் இடத்தில் நின்றவர்கள் அந்தக் காட்சியை எந்தப் பேராசிரியரையும்விட நன்றாகப் படிப்பார்கள்.

பங்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் நாவலின் நடுமுள் பிடிபடும். எல்லாரும் எண்ணெய்க்காகவும் அதன் பங்குக்காகவும் ஏறியவர்கள். கப்பல் தலைவன் ஆகாபோ, தன் காலை வாங்கிய ஒரேயொரு வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்குவதற்காகப் பிறருடைய கப்பலையும் பிறருடைய உயிரையும் கொண்டுபோகிறான். பாய்மரத்தில் ஒரு பொற்காசை அடித்து வைத்து, அந்தத் திமிங்கிலத்தை முதலில் காண்பவனுக்கு அக்காசு பரிசு என்றதும் ஆட்கள் ஆரவாரம் செய்கிறார்கள். துணைத்தலைவன் ஸ்டார்பக் மட்டும், நான் திமிங்கிலம் பிடிக்க வந்தேனே தவிர என் தலைவனின் பழியைத் தீர்க்க வரவில்லை என்று எதிர்த்துப் பேசுகிறான். பின்னால் 123ஆம் அத்தியாயத்தில், ஆகாப் உறங்கும் அறைக்கு வெளியே துப்பாக்கியைக் கையில் எடுத்து நின்று, சுட்டால் எல்லாரும் பிழைப்போமே என்று எண்ணி, சுடாமல் திரும்பிவிடுகிறான். அவன் செய்தது நேர்மையா, கோழைத்தனமா? சொல்பேச்சுக் கேளாத தண்டலோடு (படகுத் தலைவனோடு) கடலில் மாட்டிக்கொண்டவர்களை அறிந்த ஊரில் இதைப் பற்றி ஓர் இரவு முழுதும் பேசலாம்.

கொண்டாட்டம் தாமதமாகவே வந்தது. 1851 அக்டோபரில் இலண்டனில் 'தி வேல்' என்ற பெயரோடு மூன்று பாகங்களாக வந்த பதிப்பில், இஸ்மவேல் உயிர் பிழைத்ததைச் சொல்லும் பின்னுரை விடுபட்டுப் போயிற்று. எல்லாரும் இறந்துவிட்டால் கதையைச் சொன்னவன் யார் என்று விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். மெல்வில் 1891இல் இறந்தபோது அவரை நினைவில் வைத்திருந்தவர்கள் சிலரே. 1919இல் அவர் பிறந்த நூற்றாண்டு வந்த பிறகுதான் நாவல் மறுபடி தலைதூக்கியது.

மகனிடமும் நியாயம் உண்டு. 'தி ஓல்ட் மேன் அண்ட் த சீ' 1952இல் 'லைஃப்' வார இதழின் ஒரே இதழில் முழுதாக வெளிவந்து, இரண்டு நாளில் ஐம்பது இலட்சம் படிகள் விற்றுப்போனது; மறு ஆண்டு புலிட்சர் பரிசு, அதற்கடுத்த ஆண்டு ஹெமிங்வேக்கு நோபல் பரிசு. 84 நாள் மீன் படாத கிழவர் சாந்தியாகோ, பதினாறடிப் படகில் தனியே போய், நம் மயில்மீனின் இனத்தைச் சேர்ந்த பதினெட்டடி மார்லினைக் கைக்கயிற்றிலேயே பிடித்து, படகில் ஏற்ற முடியாமல் பக்கவாட்டில் கட்டிக் கொண்டுவரும்போது சுறாக்களுக்குப் பறிகொடுக்கிறார். இடது கை மரத்துப்போவதும், முதுகில் கயிறு அறுப்பதும், பச்சை மீனைத் தின்று பலத்தைச் சேமிப்பதும் மெய்யாகவே எழுதப்பட்டவை. ஒரே இரவில் படித்துவிடலாம். ஆனால் அதில் கிழவரோடு மாறுபட யாரும் இல்லை. எல்லாரும் அவருக்காக இரங்குவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். பேசத் தகுந்தவன் சிறுவன் மனோலின் ஒருவனே. நாற்பது நாள் மீன் படாததால் அவனைப் பெற்றோர் வேறு படகுக்கு மாற்றிவிடுகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டையும் படியுங்கள். ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் மெல்வில் பக்கம்.

இல்லத்தரசி, தொண்டி

கேள்வி: பன்னிரண்டு வயது மகளுக்குச் சுருக்கப் பதிப்புகள் வாங்கித் தரலாமா? அது நூலுக்குச் செய்யும் துரோகம் என்கிறார் அவளுடைய மாமா.

பதில்: துரோகம் என்பது பெரிய சொல், அம்மா. கதையோட்டத்தால் நிற்கும் நாவலைச் சுருக்கினால் பாதியேனும் மிஞ்சும்; ஆஸ்டினைச் சுருக்கினால் நான்கு திருமணங்கள் மட்டுமே மிஞ்சும். ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' (1883) சுருக்கத் தேவையே இல்லாத நூல். 34 சிறு அத்தியாயங்கள். மனைவியின் முன் மணத்தில் பிறந்த சிறுவனுக்காக விளையாட்டாக வரைந்த தீவின் வரைபடத்திலிருந்து எழுந்த கதை அது. மூலத்தையே வாங்கிக் கொடுங்கள். ஒன்றில் மட்டும் மாமாவின் பக்கம் நான். 'ராபின்சன் குரூஸோ' சுருக்கப் பதிப்புகள் தீவையும் குடிசையையும் ஆடுகளையும் வைத்துக்கொண்டு, குரூஸோ எதற்காகக் கப்பல் ஏறினான் என்பதை விட்டுவிடுவது வழக்கம். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

கல்லூரி மாணவி, கீழக்கரை

கேள்வி: எங்கள் முன்னோர் மரக்கலம் ஓட்டியவர்கள். ஆங்கிலச் செவ்வியல் நாவல்களில் கடலும் கப்பலும் வரும்போதெல்லாம் எங்களைப் போன்றவர்கள் சரக்கறையில் இருக்கிறோம், அல்லது இல்லவே இல்லை. இவற்றை விரும்பிப் படிப்பது தன்மானத்துக்கு ஏற்றதா?

பதில்: தாங்கள் கேட்டது இவ்விதழின் மிகக் கடினமான கேள்வி. டானியல் டிஃபோ 1719இல் எழுதிய குரூஸோவிலிருந்து தொடங்குவோம். தீவில் ஒதுங்குவதற்கு முன் அவனே அடிமையாக இருந்து தப்புகிறான். தன்னோடு தப்பிவந்த சூரி என்ற சிறுவனை ஒரு கப்பல் தலைவனுக்கு அறுபது வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுகிறான். அவன் கப்பல் உடைவது, ஆப்பிரிக்கக் கரைக்கு அடிமைகளை வாங்கப் புறப்பட்ட பயணத்தில். 28 ஆண்டுத் தனிமைக்காக அவன்மீது இரக்கப்படுகிறவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தங்கள் ஊருக்கு நான் பரிந்துரைப்பது ஜோசப் கான்ராடின் 'லார்ட் ஜிம்' (1900). அதன் பின்னணி உண்மை நிகழ்ச்சி. 1880இல் 'ஜெட்டா' என்ற நீராவிக் கப்பல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோடு சிங்கப்பூரிலிருந்து சென்றது. நடுக்கடலில் நீர் புகுந்ததும், தலைவனும் ஐரோப்பிய அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுப் படகில் இறங்கித் தப்பினார்கள். வேறொரு கப்பலால் ஏடனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஜெட்டா மூழ்கிவிட்டது, அனைவரும் மாண்டனர் என்று அறிவித்தார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள், அந்தக் கப்பலே இன்னொன்றால் இழுக்கப்பட்டுப் பயணிகளோடு துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது.

போலந்துக்காரரான கான்ராட், ஆங்கிலத்தை இருபது வயதுக்குப் பிறகு கப்பலில் கற்றவர். அவர் இக்கதையைக் குதித்தோடிய ஓர் இளைஞனின் மனவேதனையாக மாற்றினார். ஜிம் ஏன் குதித்தான் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆராய்கின்றன. நாவலில் எண்ணூறு பேராக வரும் பயணிகளுள் ஒருவருக்கும் பெயரில்லை. அவர்கள் அந்த இரவை எப்படிக் கழித்தார்கள், தண்ணீரை இறைத்தவர் யார், ஓதியவர் யார் என்று கான்ராட் கேட்கவில்லை. தங்கள் கோபம் இங்கே முழுதும் நியாயம். எனினும் ஓரிடத்தைப் பாருங்கள்: சுக்கானைப் பிடித்த மலாய்க்காரர் இருவர், அதிகாரிகள் ஓடியபின்னும் பிடியை விடாமல் நிற்கிறார்கள். விசாரணையில் ஒருவர், அப்போது தாம் எதையும் நினைக்கவில்லை என்கிறார். மற்றவர், வெள்ளைக்காரர்கள் போனதற்கு ஏதோ மறைவான காரணம் இருந்திருக்கும் என்கிறார். ஜிம்மின் ஆயிரம் விளக்கங்களுக்கு எதிரே அந்த இருவரின் நிலைதான் நாவலின் மிகக் கூர்மையான தீர்ப்பாக எனக்குப் படுகிறது. கான்ராட் அதை நினைத்து எழுதினாரா என்பது பற்றி உங்கள் வகுப்பில் வாதாடுங்கள்.

இவ்வாறு விரும்பிக்கொண்டே சண்டையிட்டவர்கள் முன்பும் உண்டு. கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' குறித்து நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975இல் அமெரிக்காவில் ஆற்றிய உரையில், அதன் ஆசிரியரை இனவெறியர் என்றே சொன்னார். அவருடைய 'திங்ஸ் ஃபால் அபார்ட்' (1958) இன்று எந்த ஆங்கிலச் செவ்வியல் பட்டியலிலும் இடம்பெறத் தக்கது. சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஏர்' (1847) நாவலில் மாடியறையில் பூட்டி வைக்கப்பட்ட ஜமைக்காப் பெண்ணின் கதையை, ஜீன் ரைஸ் 1966இல் 'வைடு சர்காசோ சீ' என்று தனி நாவலாகவே எழுதினார். ஜெட்டாவின் பயணிகள் பக்கத்திலிருந்து ஒரு நாவல் வருமானால், அதைக் கீழக்கரையிலிருந்து எழுதுவதற்குத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

வாசகர், உச்சிப்புளி

கேள்வி: 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலின் ஹீத்கிளிஃப் போன்ற கொடியவனை எப்படிக் காதல் நாயகன் என்கிறார்கள்?

பதில்: நாவலைப் பாதியில் நிறுத்தியவர்கள் சொல்கிறார்கள். இரண்டாம் பாதியில் அவன் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளைப் படுத்தும் பாட்டைப் படித்தபின் அந்தச் சொல் வாயில் வராது. எமிலி பிராண்டி அவனை விரும்பச் சொல்லவில்லை. விலகிப் போகவும் நம்மை விடவில்லை.

சிறு வணிகர், சாயல்குடி

கேள்வி: இந்நூல்களைச் செலவின்றிப் படிக்க வழியுண்டா?

பதில்: உண்டு. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை நீங்கிவிடும். ஆஸ்டின், டிக்கன்ஸ், மெல்வில், கான்ராட் ஆகியோருடைய நூல்களை 1971இல் தொடங்கப்பட்ட குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்திலிருந்து கைப்பேசியில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 1961இல் மறைந்த ஹெமிங்வே வாழ்நாளில் வெளியிட்டவை 2022 தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் பொதுவுடைமை. ஹார்பர் லீ 2016இல் தான் மறைந்தார். அவர் நூலை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

வங்கி ஊழியர், மண்டபம்

கேள்வி: நாங்கள் சிலர் கூடி ஒரு நாவலைப் படித்தோம். கூட்டத்தில் 'நன்றாக இருந்தது' என்பதற்குமேல் யாரும் பேசவில்லை; ஒருவர் கதைச் சுருக்கத்தைச் சொல்லி நேரத்தை முடித்துவிட்டார். எப்படிப் பேசுவது? இந்த முறைக்கு ஏற்ற நாவல் எது?

பதில்: கதைச் சுருக்கம் சொல்வதை முதலில் தடைசெய்யுங்கள். நாவல் முழுவதையும் பற்றிக் கேட்டால் யாராலும் விடை சொல்ல முடியாது. ஒரு பாத்திரம் ஓர் இடத்தில் எடுத்த ஒரு முடிவைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பக்கத்தை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பிடிக்கவில்லை என்பவருக்கு முதலில் பேச இடம் கொடுங்கள்.

நாவல், டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை அவருடைய சொந்த வார இதழில் தொடராக வந்தது; ஆகையால் நம் வாரத்தொடர்களில் பழகியவர்களுக்கு, அத்தியாயத்தை எங்கே நிறுத்துகிறார் என்பதே ஒரு சுவை. கருமான் ஜோ வளர்த்த அநாதைச் சிறுவன் பிப், யாரோ கொடுக்கும் பணத்தால் இலண்டனில் கனவானாகிறான். 27ஆம் அத்தியாயத்தில் ஜோ அவனைப் பார்க்க வருகிறார். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடுப்புத் திண்டில் வைக்க, அது மறுபடி மறுபடி கீழே விழுகிறது. வளர்த்த பிள்ளையையே 'ஐயா' என்று அழைக்கிறார். பிப் அவரைக் கண்டு கூசுகிறான். படிக்க வைத்த அப்பா மீன் நாற்றத்தோடு விடுதி வாசலில் வந்து நின்றபோது நண்பர்களிடம் என்ன சொன்னோம் என்று எண்ணாமல் நம் கரையில் ஒருவர் இந்த அத்தியாயத்தைப் படிக்க முடியுமா என்று தெரியவில்லை. புறப்படும்போது ஜோ, கருமான், தட்டான், கன்னான் என்று மனிதர்கள் பலவகை, அவர்களிடையே பிரிவு வரத்தான் செய்யும் என்று சொல்லி, குற்றத்தைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு போகிறார். டிக்கன்ஸுக்கு இது வெறும் கற்பனையன்று. தந்தை கடனுக்காகச் சிறை சென்ற 1824இல், பன்னிரண்டு வயதில், காலணி மை அடைக்கும் தொழிற்கூடத்தில் வேலை செய்ததை அவர் தம் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்தவர்.

கூட்டத்தின் கடைசி அரைமணி நேரத்தை நாவலின் முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதற்கு முடிவுகள் இரண்டு. முதலில் எழுதியதில், தான் காதலித்த, வேறொருவரை மறுமணம் செய்துகொண்ட எஸ்டெல்லாவைப் பிப் இலண்டன் வீதியில் தற்செயலாகச் சந்தித்துச் சில சொற்கள் பேசிப் பிரிகிறான். நண்பரும் நாவலாசிரியருமான புல்வர்-லிட்டன் சொன்னதைக் கேட்டு, பாழடைந்த தோட்டத்தில் இருவரும் கைகோத்து வெளியேறுவதாக டிக்கன்ஸ் மாற்றி அச்சிட்டார். பழைய முடிவு அவர் இறந்த பிறகு, ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியே வெளியே தெரிந்தது. இன்றைய நல்ல பதிப்புகளில் பின்னிணைப்பாக இருக்கும். கறாரான வாசகர்கள் முதல் முடிவே கலைக்கு உகந்தது என்பார்கள். நான் அச்சில் வந்த முடிவின் பக்கம்: அந்தக் கடைசி வாக்கியம் அவர்கள் சேர்ந்தார்கள் என்று சொல்லவில்லை, பிரிவின் நிழல் எதையும் தான் காணவில்லை என்று பிப் சொல்வதாகத்தான் எழுதியிருக்கிறது, பிப்போ நாவல் முழுக்கத் தவறாகவே கண்டுவந்தவன்.